ஐபிஎல் வீரர் ஏலம்: கராமா ரசிகர்களின் கணக்கும் களத்தின் விடையும்

இந்தியன் பிரிமியர் லீக் கிரிக்கெட் போட்டிகளுக்கான வீரர் ஏலம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி, முதல் தடவையாக இந்தியாவுக்கு வெளியே, துபாயின் கோக்கா கோலா அரங்கில் நடைபெற்றது. தமிழர்கள் பெருமளவில் வாழும் கராமா பகுதிக்கும் அந்த அரங்குக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரமே உள்ளது. அன்று செவ்வாய்க்கிழமை, வேலை நாள். உள்ளூர் நேரப்படி முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தொடங்கிய ஏலத்தை கராமாவின் ரசிகர்களில் பெரும்பாலோர் அலுவலகங்களிலும் கடைகளிலும் கைத்தொலைபேசி வழியாகவே பின்தொடர வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஏலம் சவூதி அரேபியாவின் ஜெத்தா நகரிலும், 2025 டிசம்பரில் அபுதாபியிலும் நடந்தது. ஆக, மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக இந்தியக் கிரிக்கெட்டின் பணச்சந்தை வளைகுடாவில் கூடியது. ஒவ்வொரு ஏலம் முடிந்ததும், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி யாரை எடுத்தது, யாரை விட்டது, கொடுத்த விலை தகுமா என்ற விவாதம் கராமாவின் உணவகங்களிலும் பலர் சேர்ந்து தங்கும் அறைகளிலும் எழுந்தது. அந்த விவாதத்தில் ஆட்டத் திறன் மட்டுமன்றி, பணம், மாநில அடையாளம், இலங்கை இனப்பிரச்சினையின் வடு ஆகியனவும் கலந்துள்ளன.

கராமாவின் மஞ்சள் நிறம்

துபாயின் பழைய வணிகப் பகுதியான பர்துபாயை ஒட்டியுள்ள கராமா, வானளாவிய கட்டடங்களின் துபாய் அல்ல. சில மாடிகளே கொண்ட குடியிருப்புகளும், மலிவு விலை அங்காடிகளும், தென்னிந்திய உணவகங்களும் நிறைந்த பகுதி அது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வசிக்கிறார்கள். அவர்களில் மலையாளிகளே அதிகம் என்றாலும், கணக்காளர்கள், கடை ஊழியர்கள், ஓட்டுநர்கள், பொறியாளர்கள் எனத் தமிழர்களும் கணிசமாக உள்ளனர்.

இவர்களுக்கும் ஐபிஎல்லுக்கும் உள்ள உறவு தொலைக்காட்சியோடு நின்றுவிடவில்லை. 2014இல் இந்தியப் பொதுத்தேர்தல் காரணமாகப் போட்டியின் முதல் 20 ஆட்டங்கள் அபுதாபி, துபாய், ஷார்ஜா ஆகிய மூன்று நகரங்களில் நடைபெற்றன. கொரோனா பெருந்தொற்றின்போது 2020ஆம் ஆண்டுப் போட்டி முழுவதுமாக இங்கு வந்தது. ஆனால் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. தங்கள் அணி தாங்கள் வாழும் நகரிலேயே ஆடியும் அதனைத் திரையில் மட்டுமே பார்க்க முடிந்த அந்தப் பருவத்தில்தான், சென்னை அணி வரலாற்றில் முதல் முறையாக அடுத்த சுற்றுக்குச் செல்லாமல் வெளியேறியது. மறு ஆண்டு, கட்டுப்பாடுகளுடன் பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட்டபோது, 2021 அக்டோபர் 15ஆம் தேதி துபாயில் நடந்த இறுதியாட்டத்தில் கொல்கத்தாவை 27 ஓட்டங்களால் வென்று அது நான்காவது கிண்ணத்தைப் பெற்றது.

ஏலமா, தெரிவா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் 1936 முதல் பின்பற்றி வரும் முறையில், முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த அணிக்கே புதிய வீரர்களில் முதலாவதைத் தெரிவு செய்யும் உரிமை கிடைக்கிறது. பலவீனமான அணி பலம் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். அங்கே தெரிவு முடிந்த மறுநாளே ரசிகர்களும் செய்தியாளர்களும் ஒவ்வொரு அணிக்கும் மதிப்பெண் போடுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

ஐபிஎல் வேறு வழியைத் தெரிந்துகொண்டது. எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு உச்சவரம்பு. அதற்குள் யார் அதிக விலை சொல்கிறாரோ அவருக்கு வீரர். 2024 நவம்பர் ஏலத்தில் இந்த வரம்பு 120 கோடி ரூபாய். ஓர் அணியில் 18 முதல் 25 வீரர்கள் வரை இருக்கலாம். அவர்களில் வெளிநாட்டவர் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. களத்தில் இறங்கும் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவரே அனுமதிக்கப்படுவர். ஏலத்துக்கு முன்பே சிலரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான தொகை மொத்த வரம்பிலிருந்து கழிக்கப்படும்.

ஆகவே ஏலத்தை மதிப்பிடுபவர் ஒரு வீரர் நல்லவரா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் பணத்தில் வேறு யாரை வாங்கியிருக்கலாம் என்றும் கேட்க வேண்டும். மாதச் சம்பளத்தில் வாடகை, உணவு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று பிரித்துக் கணக்குப் பார்த்துப் பழகிய வளைகுடாத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

விதிகளை நன்கு படித்தவருக்கே ஏலத்தில் பலன் என்பதற்கு 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலமே எடுத்துக்காட்டு. அப்போது ஓர் அணி செலவிடக்கூடிய தொகை 50 லட்சம் டாலர். மும்பைக்கு சச்சின் டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு சௌரவ் கங்குலி என்பதுபோல சில அணிகளுக்கு நட்சத்திர வீரர்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தனர். அந்த நட்சத்திர வீரருக்கு, அணியில் மிக அதிக விலை பெறுபவரைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நட்சத்திர வீரர் இல்லாத சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. மகேந்திர சிங் தோனியை அது 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே விலையை மும்பை கொடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் டாலர் தர வேண்டி வந்திருக்கும். இருவருக்கே அதன் பணத்தில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

வளைகுடாவில் மூன்று ஏலங்கள்

துபாய் ஏலத்தை மல்லிகா சாகர் நடத்தினார். ஆடவர் ஐபிஎல் ஏலத்தை ஒரு பெண் நடத்தியது அதுவே முதல் முறை. ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க்கை கொல்கத்தா அணி 24 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் திர்ஹாமுக்கு வாங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் குழுமத்துக்குச் சொந்தமான ஹைதராபாத் அணி, பேட் கம்மின்ஸை 20 கோடியே 50 லட்சத்துக்கு எடுத்தது.

சென்னை அணியிடம் 31 கோடியே 40 லட்சம் ரூபாய் இருந்தது. அதில் நியூசிலாந்தின் டேரில் மிட்செலுக்கு 14 கோடியும், சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடியிராத உத்தரப் பிரதேச இளைஞர் சமீர் ரிஸ்விக்கு 8 கோடியே 40 லட்சமும் சென்றன. வங்கதேசத்தின் முஸ்தஃபிசுர் ரஹ்மான் 2 கோடிக்கும், நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திரா 1 கோடியே 80 லட்சத்துக்கும் கிடைத்தனர். 2024 போட்டியில் 9 ஆட்டங்களில் 14 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் 2 கோடி ரூபாய் முஸ்தஃபிசுர். பெரும்பணம் பெற்ற இருவரும் அந்த ஆண்டின் முடிவில் தக்கவைக்கப்படவில்லை. பெங்களூருவுடன் சமப் புள்ளிகள் பெற்றும் ஓட்ட விகிதத்தில் பின்தங்கியதால் சென்னை அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தது.

2024 நவம்பர் 24, 25 ஆகிய நாட்களில் நடந்த ஜெத்தா ஏலம் அளவில் மிகப் பெரியது. ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு லக்னோ அணிக்குச் சென்று புதிய உச்சத்தைத் தொட்டார். ஐந்து பேரைத் தக்கவைப்பதிலேயே 65 கோடி ரூபாயைச் செலவிட்டிருந்த சென்னை, ரவிச்சந்திரன் அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆப்கானிஸ்தானின் நூர் அகமதுக்கு 10 கோடி கொடுத்தது. அஸ்வினின் வருகை தமிழ் ரசிகர்களிடையே பெரும் மகிழ்ச்சியை ஏற்படுத்தியது. ஆனால் 2025 போட்டியில் நூர் அகமது 24 விக்கெட்டுகளைக் கைப்பற்றியபோதும், அணி வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடத்தைப் பெற்றது. அஸ்வின் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார்.

அபுதாபியில் 2025 டிசம்பர் 16ஆம் தேதி நடந்த ஏலத்தில் சென்னை தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டது. அனுபவசாலிகளை நம்பும் அணி என்று பெயர் பெற்றிருந்த அது, இந்தியாவுக்காக ஒருமுறைகூட ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இரு இளைஞர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. கையிலிருந்த 43 கோடியே 40 லட்சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அது. இருவரின் அடிப்படை விலை தலா 30 லட்சம். சர்வதேச அனுபவம் இல்லாத ஒருவருக்கு அதுவரை கொடுக்கப்பட்ட உச்ச விலை, 2022இல் ஆவேஷ் கானுக்குக் கிடைத்த 10 கோடி.

அதற்கு ஒரு மாதம் முன்னர் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, கேரளத்தின் சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றிருந்தது. கேரளத்துக்கென்று இருந்த கொச்சி அணி 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடிக் கலைக்கப்பட்டது. எனவே தமிழரும் மலையாளிகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் கராமாவில் இந்தப் பரிமாற்றத்துக்குத் தனி அர்த்தம் இருந்தது.

மதிப்பெண்கள் ஏன் பொய்க்கின்றன?

ஏலத்தன்று போடப்படும் மதிப்பெண்கள் களத்தில் பலிப்பது அரிது. இரண்டாண்டுத் தடைக்குப் பின்னர் 2018 ஜனவரியில் சென்னை அணி மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, ஷேன் வாட்சன், ஹர்பஜன் சிங், இம்ரான் தாஹிர், அம்பாட்டி ராயுடு என்று முப்பதைத் தாண்டியவர்களையே எடுத்தது. தந்தையர் படை என்று அது பரிகசிக்கப்பட்டது. அஸ்வினைப் பஞ்சாபிடம் இழந்ததற்காகவும் ரசிகர்கள் வருந்தினர். காவிரிப் போராட்டத்தால் உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்ட அந்த ஆண்டில், ராயுடு 602 ஓட்டங்கள் குவித்தார். இறுதியாட்டத்தில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்தார். கிண்ணம் சென்னைக்கே வந்தது.

மறுபக்கத்தில், 2009இல் 15 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கப்பட்ட ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் மூன்றே ஆட்டங்களில் ஆடினார். 2022இல் 14 கோடி பெற்ற தீபக் சாஹர் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. 2023 போட்டிக்காக 16 கோடியே 25 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட பென் ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. ஆனால் அதே ஆண்டு சென்னை ஐந்தாவது கிண்ணத்தை வென்றது. அகமதாபாத் இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்து வெற்றி தேடித்தந்த ஜடேஜா, 2012 ஏலத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் அணியுடன் கடைசிவரை போட்டியிட்டு 20 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டவர். அந்த விலைக்கான முழுப் பலன் கிடைக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின.

ஸ்டார்க்கின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 2024 போட்டியின் முற்பாதியில் அவர் ஓட்டங்களை வாரி வழங்கியபோது, கொல்கத்தா ஏமாந்துவிட்டது என்று எல்லாரும் தீர்ப்பளித்தனர். முதலாவது தகுதிச் சுற்று ஆட்டத்திலும், சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்திலும் அவரே ஆட்டநாயகன்.

இதற்கான காரணங்கள் புதிரானவை அல்ல. முதலாவதாக, இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பருவம் என்பது பதினான்கு லீக் ஆட்டங்கள் மட்டுமே. திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறிய அது போதாது. இரண்டாவதாக, வேகப்பந்து வீச்சாளர்களின் உடல்நிலையை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்றாவதாக, ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் ஒரு வீரரை மற்ற எல்லோரையும்விட மிகையாக மதிப்பிட்டவராகவே இருப்பார். நான்காவதாக, ஏலத்தில் விலைபோகாதவர்களும் பின்னர் மாற்று வீரர்களாக வருகின்றனர். ஜெத்தாவில் எவரும் வாங்காத தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ், 2025 பருவத்தின் நடுவில் காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக வந்து சென்னையின் நம்பிக்கை நட்சத்திரமானார்.

சென்னை அணியில் தமிழர் எங்கே?

தமிழ் ரசிகர்களின் மதிப்பீட்டில் எப்போதும் எழும் கேள்வி இது. 2011இல் சேப்பாக்கத்தில் கிண்ணம் வென்ற அணியில் முரளி விஜய் 95 ஓட்டங்கள் எடுத்தார். அஸ்வின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை வெளியேற்றினார். பத்ரிநாத் நடுவரிசையைத் தாங்கினார். 2023 இறுதியாட்டத்தில் ஆடிய சென்னை அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. மாறாக, அந்த அணிக்கு எதிராக 96 ஓட்டங்கள் குவித்தவர் குஜராத் அணிக்கு ஆடிய சென்னை இளைஞர் சாய் சுதர்சன். 2022 ஏலத்தில் குஜராத் அவருக்குக் கொடுத்த விலை வெறும் 20 லட்சம் ரூபாய். 2025இல் அவர் 759 ஓட்டங்களுடன் போட்டியிலேயே அதிக ஓட்டம் எடுத்தவரானார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த நடராஜனும், வருண் சக்ரவர்த்தியும் 2020இல் எமிரேட்ஸ் மைதானங்களில்தான் உலகின் கவனத்தை ஈர்த்தனர். முன்னவர் ஹைதராபாத்துக்கும் பின்னவர் கொல்கத்தாவுக்கும் ஆடினர். தமிழ்நாட்டு வீரர்களுக்கு இடம் தராத சென்னை அணியைத் தடை செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் பாட்டாளி மக்கள் கட்சி உறுப்பினர் ஒருவர் கோரிக்கை வைக்கும் அளவுக்கு இந்தக் கேள்வி சென்றது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பொது ஏலத்தில் எந்த அணியும் விரும்பியவரைத் தானாகவே பெற்றுவிட முடியாது. உள்ளூர் வீரருக்கென்று கூடுதல் விலை கொடுக்கும் அணி வேறிடத்தில் பலவீனப்படும். தக்கவைத்த சிலரைச் சுற்றி நீண்டகால அணியை அமைத்ததே ஐந்து கிண்ணங்களைத் தந்தது என்பது அணியின் ஆதரவாளர்கள் கூறும் நியாயம். ஆனால் ஓர் அணி ஒரு நகரின் பெயரையும் மொழியையும் உணர்வையும் விற்றுப் பணம் ஈட்டும்போது, அந்த மண்ணின் இளைஞருக்கு அது என்ன கடமைப்பட்டுள்ளது என்ற கேள்வியை வெற்றிகள் மட்டும் தீர்த்துவிடுவதில்லை.

இலங்கை வீரர்களும் ஆறாத வடுவும்

இதைவிடச் சிக்கலானது இலங்கை வீரர்கள் பற்றிய மதிப்பீடு. கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனை 2008இல் சென்னை அணி 6 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2009இல் இலங்கையின் இறுதிப் போர் முடிவடைந்த விதம் தமிழகத்தில் ஏற்படுத்திய கொதிப்பின் தொடர்ச்சியாக, 2013 மார்ச்சில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, இலங்கையர் பங்கேற்கும் ஆட்டங்களைத் தமிழகத்தில் அனுமதிக்க முடியாது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு சென்னையில் நடந்த ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் களமிறங்கவில்லை.

2022 பிப்ரவரியில் மஹீஷ் தீக்ஷனாவைச் சென்னை 70 லட்சம் ரூபாய்க்கு வாங்கியபோது, அணியைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் சமூக வலைத்தளங்களில் பலமாக எழுந்தது. ஆனால் மறு ஆண்டு சேப்பாக்கத்தில் அவரும் மதீஷ பத்திரனவும் மஞ்சள் சீருடையில் பந்துவீசியபோது அரங்கு ஆரவாரித்தது. 2025 டிசம்பரில் பத்திரன 18 கோடி ரூபாய்க்குக் கொல்கத்தாவுக்குச் சென்றபோது வருந்திய தமிழ் ரசிகர்கள் பலர்.

இதனை மறதி என்று சிலர் கருதுகின்றனர். இருபது வயது இளைஞர் ஒருவரிடம் அரசின் செயல்களுக்குக் கணக்குக் கேட்பது நியாயமல்ல என்பது வேறு சிலரின் நிலைப்பாடு. இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் சிங்களவரும் ஒரே நகரில் பணிபுரியும் வளைகுடாவில் இது வெறும் கருத்து வேறுபாடாக நிற்பதில்லை. அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவருடன் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயமாகவும் இருக்கிறது.

உள்ளூர்ப் போட்டியும் ஒரு பாடமும்

எமிரேட்ஸுக்கென்று 2023இல் தொடங்கிய இன்டர்நேஷனல் லீக் டி20 போட்டி, முதலில் வீரர் தெரிவு முறையைக் கையாண்டு, 2025இல் ஏலத்துக்கு மாறியது. உள்ளூர் வீரர்களுக்கு ஒவ்வோர் அணியிலும் இடம் தர வேண்டும் என்ற விதி அதில் உண்டு. சென்னையில் பிறந்து எமிரேட்ஸுக்கு ஆடும் கார்த்திக் மெய்யப்பன், 2022 உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கு எதிராகத் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியவர். இங்கு குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய விதிகளே வாசலைத் திறக்கின்றன.

2025 அக்டோபர் 1ஆம் தேதி துபாயில் நடந்த அந்தப் போட்டியின் முதல் ஏலத்தில், 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அடிப்படை விலையுடன் வந்த அஸ்வினை எந்த அணியும் வாங்கவில்லை. ஓராண்டுக்கு முன்னர் ஜெத்தாவில் ஏறத்தாழ 10 கோடி ரூபாய் பெற்றவர் அவர். ஏல விலை என்பது ஒரு வீரரின் வாழ்நாள் சாதனைக்கான மதிப்பல்ல, அந்த நாளில் அந்த அறையில் இருந்தவர்களின் தேவைக்கான விலை மட்டுமே என்பதை இது உணர்த்துகிறது.

அபுதாபியில் வாங்கப்பட்ட இரு இளைஞர்களையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே பார்க்க வேண்டும். 28 கோடியே 40 லட்சம் ரூபாய் சரியான முதலீடா என்பதை ஒரு பருவத்தின் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் கொண்டு தீர்மானிக்க முடியாது. ஜடேஜாவை மதிப்பிடப் பதினொரு ஆண்டுகள் தேவைப்பட்டன. சமீர் ரிஸ்விக்குச் சென்னை அளித்த அவகாசம் ஓராண்டு மட்டுமே. புதியவர்களுக்கு அணி நிர்வாகம் எவ்வளவு காலம் கொடுக்கப் போகிறது என்பதே, விலையைக் காட்டிலும், கராமாவின் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு.